மாமரத்தைத் துளைப்பது எந்த வண்டு?
ஒரே சாதியில் இரண்டு இனங்களை வேறுபிரித்தறிதல்

மா, பலா, அத்தி, இலவு முதலிய மரங்களின் தண்டைத் துளைத்து, உள்ளிருந்தே அவற்றைக் கொன்றுவிடும் பெரிய சாம்பல் நிற வண்டை எமது கமக்காரர் பலர் கண்டிருப்பர். ஆனால் அதற்கு ஊரில் நிலையான பெயர் இல்லை. ஓரிடத்தில் அது மரவண்டு; இன்னோரிடத்தில் துளைப்பான்; வேறோரிடத்தில் கொம்பு வண்டு. பெயர் தடுமாறும் இடத்தில் செய்யும் வேலையும் தடுமாறுகின்றது. ‘கொம்பு வண்டு’ என்று கேட்டால், தென்னங்குருத்தைத் தின்னும் காண்டாமிருக வண்டைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். அதற்குத் தலையில் ஒரு கொம்பு உண்டு என்பது உண்மைதான். மாமரத்து வண்டுக்கு இருப்பதோ கொம்பு அல்ல, உடலிலும் நீண்ட இரண்டு உணர்கொம்புகள். இரண்டுக்கும் உறவும் இல்லை, ஒரே மருந்தும் இல்லை.

நாம் இங்கு எழுத முற்படுவது அதைவிட நுணுக்கமான ஒரு தடுமாற்றத்தைப் பற்றியது. நீண்ட உணர்கொம்புள்ள அந்தச் சாம்பல் வண்டுகளிலும் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றை வேறுபிரித்து அறியாமல் மரங்களுக்குத் தீர்ப்புச் சொல்வது எமது கிராமங்களில் நடந்துகொண்டிருக்கிறது.

குடும்பமும் சாதியும்

நீண்ட உணர்கொம்பு வண்டுகள் ஒரு பெரிய குடும்பம். உலகில் 30,000க்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. இக்குடும்பத்து வண்டு ஒன்றைக் கையில் எடுத்தால் முதலிற் பார்க்கவேண்டியது கண்ணை. பெரும்பாலானவற்றில் கண் முழு வட்டமாக இல்லாமல், உணர்கொம்பின் அடியைச் சுற்றி வளைந்து, அவரை விதைபோல அமைந்திருக்கும். பிடித்தவுடன் ‘கிறீச், கிறீச்’ என்று ஒலியெழுப்புவதும் இவற்றிற் பலவற்றின் வழக்கம். அது வாயால் எழுப்பும் ஒலியன்று. முன்னெஞ்சை அதன் பின்னுள்ள பகுதியோடு உரசுவதால் வருவது. சிறுவர்கள் இதைக் கேட்டு மகிழ்வர். விரலை வாயருகே கொண்டுபோகாதிருக்கும்படி அவர்களுக்குச் சொல்லிவைப்பது நல்லது. பச்சை மரப்பட்டையைக் கடிக்கும் அலகு விரலையும் கடிக்கும்.

இக்குடும்பத்தில் முகம் செங்குத்தாகத் தட்டையாயுள்ள ஓர் உபகுடும்பத்துக்கு லாமியினே என்று பெயர். அதற்குள் அடங்குவது பற்றோசெரா என்னும் சாதி. (உயிரியற் பாடநூலில் வரும் ‘சாதி’யையே சொல்கிறோம். ஊரிலுள்ள மற்றச் சாதியை வண்டுகள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.) ஆசியாவின் வெப்ப வலயத்திலும் அதற்கப்பால் நியூகினி, அவுஸ்திரேலியா வரையிலும் இச்சாதியின் இனங்கள் பரந்துள்ளன.

பற்றோசெரா என்று அறிவது கடினமன்று. உடல் தடித்தது. முன்னெஞ்சின் இரு பக்கத்திலும் கூரிய முள் ஒவ்வொன்று. முன்னெஞ்சின் மேல் பிறைபோல வளைந்த இரு பொட்டுகள். சிறகுகள் தொடங்கும் இடத்தில், இரண்டுக்கும் நடுவே, வெள்ளையான சிறு முக்கோணத் தகடு. தோளிலே, அதாவது தடித்த முன்சிறகுகளின் அடியிலே, மிளகைப் பொடியாக நறுக்கித் தூவியதுபோலக் கறுத்து மினுங்கும் சிறு புடைப்புகள். வண்டைப் பக்கவாட்டிற் பார்த்தால் கண்ணுக்குப் பின்னாலிருந்து வயிறு வரை ஓடும் வெண்பட்டை. இவை ஒருங்கே இருந்தால் அது பற்றோசெரா. சிரமம் இதற்குப் பின்னர்தான் தொடங்குகிறது.

பெயர் தரும் ஏமாற்றம்

எமது நாட்டின் மரங்களைப் பொறுத்தவரை இச்சாதியில் இரண்டு இனங்கள் கவனத்துக்குரியவை. ஒன்று பற்றோசெரா றூபஸ். இதற்குப் பெயரிட்டவர் லின்னேயஸ், ஆண்டு 1758. மற்றது பற்றோசெரா றுபோமகுலாற்றா. பெயரிட்டவர் டி கீர், ஆண்டு 1775. இருவரும் சுவீடன் நாட்டவர்கள்.

லத்தீன் தெரிந்தவர்கள் இப்பெயர்களைக் கண்டவுடன் வழி கிடைத்தது என்று எண்ணக்கூடும். ‘றுபுஸ்’ என்றால் செந்நிறம், ‘மகுலா’ என்றால் பொட்டு. ஆகவே றுபோமகுலாற்றா என்பது செம்பொட்டு வண்டு. அப்படியானால் செம்பொட்டு இருந்தால் அது, இல்லாவிட்டால் மற்றது என்று முடிவுசெய்யலாமே? முடியாது. றூபஸ் வண்டின் முன்னெஞ்சிலும் செம்மஞ்சட் பொட்டுகள் இரண்டு உண்டு. ‘றூபஸ்’ என்ற சொல்லும் காதுக்குச் செந்நிறம்போல ஒலித்தாலும், அதன் பொருள் முட்செடி ஒன்றைக் குறிப்பது. பெயரைக் கொண்டு ஆளை மதிப்பிடுவது வண்டுகளிடத்தும் பிழையாகவே முடிகிறது.

பொட்டின் நிறத்தை நம்பக்கூடாது என்பதற்கு வேறு காரணமும் உண்டு. அது வண்டின் ஓட்டிலுள்ள நிறமன்று; ஓட்டின்மேல் படர்ந்துள்ள நுண்ணிய மயிர்களின் நிறம். உயிரோடுள்ளபோது ஒன்றாகவும், இறந்து காய்ந்து ஒரு வருடம் பெட்டிக்குள் கிடந்தபின் இன்னொன்றாகவும் தோன்றும். செம்மஞ்சள் வெளிறி மஞ்சளாகும், பின் ஏறக்குறைய வெண்மையாகும். வயது சென்ற வண்டில் மயிர் உதிர்ந்து பொட்டே தேய்ந்திருக்கும். பாடசாலைகளின் விஞ்ஞான அறைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பழைய வண்டுகளை வைத்து நிறம் கற்பிப்பது வீண்வேலை.

பருமனும் உதவாது. றுபோமகுலாற்றா 25 முதல் 60 மில்லிமீற்றர் வரை இருக்கும். ஒரே தாயின் பிள்ளைகளில் ஒன்று பெருவிரல் அளவும் மற்றது அதன் பாதியும் ஆக இருக்கலாம். குடம்பிப் பருவத்திற் கிடைத்த மரத்தின் தரமே வண்டின் உருவத்தை நிர்ணயிக்கிறது. நல்ல சாறுள்ள தண்டில் வளர்ந்தது பெருக்கும். காய்ந்துபோன கிளையில் வளர்ந்தது சிறுக்கும். வளர்ந்து வெளிவந்த வண்டு அதன்பின் ஒரு மில்லிமீற்றரும் கூடுவதில்லை.

அப்படியானால் எதைப் பார்ப்பது?

முதலில் உடலின் பொதுநிறம். றூபஸ் பெரும்பாலும் செங்கபிலம் கலந்த உடலை உடையது. றுபோமகுலாற்றா கருங்கபில உடலின்மேல் சாம்பல் மயிர் போர்த்தியதுபோலத் தோன்றும். இது முதற்பார்வைக்கு மட்டும்.

அடுத்து முன்சிறகுகளின் பொட்டுகள். இங்கே பார்க்கவேண்டியது நிறத்தையன்று, ஒழுங்கை. றூபஸ் வண்டில் ஒவ்வொரு சிறகிலும் நான்கு பெரிய பொட்டுகள் ஒன்றின்கீழ் ஒன்றாக அமைந்திருக்கும். இரு சிறகிலுமாக எட்டு. சீனமொழியில் இவ்வண்டுக்கு ‘ஆலமரத்து எட்டு நட்சத்திர வண்டு’ என்ற கருத்துள்ள பெயர் வழங்குவது இதனாலேயே. நான்கில் இரண்டாவது மிகப் பெரியது; அதுவே இரு சிறகும் சந்திக்கும் நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பது. அதன் வெளிப்பக்கத்தில், சற்று மேலே, ஒன்றோ இரண்டோ சிறு பொட்டுகள் ஒட்டுக்குடித்தனம் செய்யும். சிலவேளை பெரிய பொட்டோடு சேர்ந்துவிடும். கடைசிப் பொட்டு மிகச் சிறியது. றுபோமகுலாற்றாவில் இவ்வளவு கட்டுப்பாடு இல்லை. பொட்டுகளின் எண்ணிக்கையும் பருமனும் வண்டுக்கு வண்டு வேறுபடும். சிலவற்றில் உடைந்து துணுக்குகளாகச் சிதறியும் இருக்கும்.

மூன்றாவதும் எமக்கு மிக நம்பிக்கையானதும் ஆண் வண்டின் உணர்கொம்பு. உடலைவிட நன்றாக நீண்டிருந்தால் ஆண். சற்றே நீண்டிருந்தால் பெண். றூபஸ் ஆணின் உணர்கொம்பில், மூன்றாவது கணு தொடங்கி ஒவ்வொரு கணுவின் நுனியும் சற்று வீங்கி உட்பக்கமாகப் பிதுங்கியிருக்கும். பத்தாவது கணுவில் அப்பிதுக்கம் முக்கோண முள்ளாகவே நீளும். விரல்களுக்கிடையே உணர்கொம்பை மெதுவாக இழுத்துப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டே உணரலாம். றுபோமகுலாற்றாவின் உணர்கொம்பிலும் அடிப்பக்கத்தில் சிறு முட்கள் உண்டு. ஆனால் கணுநுனிகள் இவ்வாறு எடுப்பாக வீங்கித் தெரிவதில்லை. பெண் வண்டில் இந்த அடையாளம் கிடைக்காது. அப்போது பொட்டின் ஒழுங்கையும் உடல்நிறத்தையும் சேர்த்தே தீர்மானிக்கவேண்டும். ஐயமிருந்தால் ஐயம் என்றே எழுதிவைக்கவேண்டும்.

மரத்தினுள் இருக்கும் குடம்பியை வைத்து இனத்தைச் சொல்ல முயலவேண்டாம். இரண்டும் காலில்லாத, வெண்மஞ்சள் நிறமான, தலைப்பக்கம் அகன்ற பெரும்புழுக்கள். முற்றியது 10 சென்ரிமீற்றர் வரை வளரும். வெறுங்கண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

இந்த நுணுக்கங்களைப் படிக்க விரும்புவோருக்குத் தமிழிலோ ஆங்கிலத்திலோ கைநூல் தேடுவது எளிதன்று. பிரித்தானிய இந்தியாவினதும் இலங்கையினதும் விலங்கினங்கள் பற்றிய பெருந்தொடரில் கஹன் என்பவர் 1906இல் இக்குடும்பத்துக்கு ஒரு தொகுதி எழுதினார். ஆனால் லாமியினே உபகுடும்பம் அதில் இல்லை. நூறு வருடம் கழித்து, 2008இல், இலங்கையின் நீள்கொம்பு வண்டுகளுக்கு யப்பானிய, இலங்கை ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட பட்டியலின் முதற்பகுதியும் லாமியினேயை விட்டுவிட்டே வந்தது. எமது மாமரத்தைத் தின்பது எதுவோ, அதுவே ஒவ்வொரு முறையும் பின்போடப்பட்டிருக்கிறது.

எட்டு நட்சத்திரமும் ஓர் ஆலமரமும்

இவ்வளவு நுணுக்கம் ஏழைக் கமக்காரனுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2009க்குப் பின் மீள்குடியேறிய மன்னார்ப் பெருநிலப்பரப்புக் கிராமம் ஒன்றில் நாம் கண்டதைச் சொல்கிறோம்.

மக்கள் திரும்பி வந்தபோது வீடுகள் இல்லை. வளவு மரங்களிற் சில நின்றன. ஷெல் துண்டுகள் பாய்ந்து பட்டை கிழிந்தவை, தீயில் ஒருபக்கம் வெந்தவை, வருடக்கணக்காகத் தண்ணீர் காணாதவை. இவ்வாறு நலிந்த மரமே துளைப்பானுக்கு அழைப்பு. பெண் வண்டு பட்டையைக் கடித்து வெட்டி, அவ்வெட்டினுள் முட்டையிடுகிறது. ஓரிரு வாரத்தில் பொரிக்கும் குடம்பி முதலில் பட்டையின் கீழும் பின்னர் மென்வைரத்திலும் குடைந்து, ஏறக்குறைய ஒரு வருடத்தின் பெரும்பகுதியை உள்ளேயே கழித்து, அங்கேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகி வட்டத் துவாரத்தால் வெளிவருகிறது. வெளியே தெரிவது அடிமரத்தில் தள்ளப்பட்டிருக்கும் நார்போன்ற மரத்தூளும் வடியும் சாறும் மட்டுமே. ஒரு கிளை மஞ்சளித்து இலையுதிர்க்கும்போது பலவேளை காலம் கடந்துவிடுகிறது.

அக்கிராமத்தில் இரண்டு மூன்று வருடங்களுக்குள் பல மாமரங்கள் பட்டுப்போயின. இரவில் மின்விளக்குக்கு வரும் பொட்டு வண்டுகளை எல்லோரும் கண்டார்கள். குளக்கட்டில் நின்ற முதிய ஆலமரத்தில் அதே வண்டுகள் ஊர்வதையும் கண்டார்கள். கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஆலைத் தறிப்பதென்று பேச்சு எழுந்தது. பெரியவர் ஒருவர் எம்மிடம் சொன்னார்: “சுவாமி, உந்த ஆல் நிக்குமட்டும் எங்கட மா ஒண்டும் தப்பாது. அதுதான் உதுகளுக்குத் தாய்வீடு.”

“ஐயா, தறிக்கிறதுக்கு முதல் அந்த வண்டுகளை ஒருக்கால் பிடிச்சுத் தாங்கோ” என்று கேட்டோம்.

பிள்ளைகள் ஒரு கிழமைக்குள் ஜாம் போத்தல்களில் கொண்டுவந்தார்கள். ஆலில் பிடித்தவை என்று சொல்லப்பட்டவை எட்டு நட்சத்திரக்காரர்கள். ஆண்களின் உணர்கொம்பு முடிச்சு முடிச்சாக இருந்தது. விளக்கடியில் பிடித்தவற்றில் இரண்டு இனமும் இருந்தன. ஒரு காண்டாமிருக வண்டும் கூட்டத்தோடு வந்திருந்தது. மாமரத்தில் பிடித்த வண்டு ஒன்றுமில்லை. அதுதான் எம்மை யோசிக்க வைத்தது. மாமரத்தைக் கொன்றது எது என்று அந்த ஊரில் எவரும் கண்ணால் கண்டிருக்கவில்லை.

ஆகவே, விழுந்த மாமரமொன்றின் புழு நிறைந்த தண்டுத் துண்டுகளையும், ஆலில் முறிந்து விழுந்திருந்த கிளைத்துண்டுகளையும் வெவ்வேறு கம்பிவலைக் கூடுகளில் பாடசாலைப் பின்விறாந்தையில் வைத்தோம். பிளாஸ்ரிக் வலை வேண்டாம், கடித்து வெட்டிவிடும். துண்டு காய்ந்துவிடாதிருக்க இடைக்கிடை சற்று நீர் தெளிக்கவேண்டும். மாதங்கள் சென்றன. மாத்துண்டிலிருந்து வெளிவந்தவை எல்லாம் றுபோமகுலாற்றா. ஆலங்கிளையிலிருந்து வந்தது றூபஸ்.

இதைக்கொண்டு நாட்டிலுள்ள ஆலமரங்களுக்கெல்லாம் விடுதலைப்பத்திரம் எழுதிவிட முடியாது. இரண்டு இனங்களும் மாவிலும் அத்தி, ஆல் குடும்பத்து மரங்களிலும் பலாவிலும் வளரக்கூடியவை என்பது பலநாட்டு அனுபவம். றுபோமகுலாற்றா அத்தியை வெறுப்பதே இல்லை. இஸ்ரேலுக்கு 1950 அளவில் எப்படியோ சென்றடைந்த இவ்வண்டு, அந்நாட்டு அத்தித் தோட்டங்களுக்கே பெரும் அழிவாயிற்று. ஆனால் அந்த ஊரில், அந்த வருடத்தில், குளக்கட்டு ஆலுக்கும் வளவு மாவுக்கும் இருந்த வண்டு வேறு வேறு. ஆலைத் தறித்திருந்தால் நிழலும் குளக்கட்டின் பிடிப்பும் போயிருக்கும். மாமரங்களோ தொடர்ந்து செத்துக்கொண்டிருக்கும். ஏனெனில் உண்மையான தாய்வீடு வேறெங்கும் இல்லை; பட்டுப்போன மாமரங்களை விறகுக்கென்று வளவு மூலைகளில் அடுக்கிவைத்திருந்தார்களே, அந்த விறகடுக்குகள்தாம். தறித்த மரத்துக்குள்ளும் முற்றிய குடம்பி தன் வளர்ச்சியை முடித்து வண்டாக வெளிவரும். விறகை உடனே பிளந்து எரித்தார்கள். ஆல் நிற்கிறது. முதிய அம்மா ஒருவரின் கறுத்தக்கொழும்பான் மட்டும் அதற்குள் தப்பவில்லை. இடம்பெயர்ந்த காலமெல்லாம் அவர் நினைத்துக்கொண்டிருந்த மரம் அது.

மேல்நாடுகளிலும் இதே கதை வேறு உருவில் நடந்திருக்கிறது. பற்றோசெராவின் உறவான அனோப்லோபோரா என்ற சாதியில் இரண்டு இனங்கள், இரண்டும் மினுங்கும் கறுப்பில் வெண்பொட்டுள்ளவை, கீழைத்தேயத்திலிருந்து கப்பலேறிச் சென்றன. கிளாப்ரிபென்னிஸ் என்பது 1996இல் நியூயோர்க்கிலும் 1998இல் சிக்காகோவிலும் கண்டுபிடிக்கப்பட்டது. சினென்சிஸ் என்பது 2000இல் இத்தாலியின் லொம்பார்டியில் அறியப்பட்டது. இரண்டையும் பிரித்தறியும் அடையாளம் சிறகின் அடியில் உள்ளது. சினென்சிஸில் சிறு புடைப்புகள் இருக்கும், கிளாப்ரிபென்னிஸில் வழுவழுப்பாயிருக்கும். இங்கே லத்தீன் பெயர் ஏமாற்றவில்லை. ‘வழுவழுப்பான சிறகுள்ளது’ என்பதே அதன் பொருள். இச்சிறு வேறுபாட்டில் பெரிய விடயம் தங்கியிருக்கிறது. சினென்சிஸ் அடிமரத்திலும் வேரிலும் குடையும். கிளாப்ரிபென்னிஸ் பெரும்பாலும் மேல்மரத்திலும் கிளைகளிலும் குடையும். இனத்தைப் பிழையாகச் சொன்னால் தேடுபவர் மரத்தின் பிழையான முனையில் தேடிக்கொண்டிருப்பார்.

வளவில் செய்யக்கூடியவை

கிழமைக்கொரு தடவை மாமரத்தின் அடியைச் சுற்றிப் பார்க்கவேண்டும். புதிய தூள் கண்டால் பட்டையைச் சிறு கத்தியால் திறந்து, வளைத்த கம்பியால் குடம்பியை இழுத்தெடுக்கலாம். சைக்கிள் ஸ்போக் கம்பி இதற்கு மிகவும் ஏற்றது. எடுத்தபின் துவாரத்தைச் சுத்தம் செய்து களிமண்ணால் அடைத்துவிடவேண்டும். முற்றாகப் பட்ட கிளையை வெட்டி அன்றே எரிக்கவேண்டும். தண்டில் ஆணி அடிப்பது, மாடு கட்டிப் பட்டை தேயவிடுவது, அடியில் குப்பை கொளுத்துவது ஆகிய மூன்றும் வண்டுக்கு வாசல் திறப்பவை.

பழைய இந்தியக் கைநூல்களில் துவாரத்தினுள் மொனோகுரோட்டோபொஸ் இடும்படி எழுதியிருப்பதைச் சிலர் இன்னும் காட்டுகிறார்கள். அது இலங்கையில் 1995இல் தடைசெய்யப்பட்ட கொடிய நஞ்சு. எவராவது எங்கிருந்தோ கொண்டுவந்து தந்தாலும் வாங்கவேண்டாம். நஞ்சு தேவை என்று தோன்றினால் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு, இப்போது அனுமதியுள்ளதை மட்டும் பாவிக்கவேண்டும்.

பாடசாலை விஞ்ஞானக் கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள். பிடிக்கும் வண்டை எறிந்துவிடாமல், காயவைத்து ஊசியில் குத்தி, சிறு கடதாசித் துண்டில் நான்கு விடயங்களை எழுதிவையுங்கள்: பிடித்த திகதி, ஊர், ஆணா பெண்ணா, எந்த மரம். நான்காவது மிக முக்கியம். விளக்கடியில் பிடித்திருந்தால் ‘விளக்கடி’ என்று எழுதுங்கள். அருகில் நின்ற மரத்தின் பெயரை எழுதவேண்டாம். மரத்தில் ஊர்ந்ததற்கும் மரத்திலிருந்து வெளிவந்ததற்கும் வேறுபாடு உண்டு. துவாரத்திலிருந்து வெளிவரக் கண்டாலோ, கூட்டில் வைத்த துண்டிலிருந்து கிடைத்தாலோ மட்டும் ‘இம்மரத்தில் வளர்ந்தது’ என்று குறியுங்கள். உயிரோடிருக்கும்போது பொட்டின் நிறம் என்னவென்பதையும் அன்றே எழுதிவிடுங்கள். மறுவருடம் பெட்டியைத் திறக்கும்போது அது அந்த நிறத்தில் இராது.